கறி கிலோ 800 ரூபாய்... ஆனா 20 ஆடு வைத்திருப்பவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு? தேவிபட்டினம் கடலோரத்தின் செம்மறிக் கணக்கு

தேவிபட்டினம் என்றதும் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தக் கடற்கரையை விட்டு ராமநாதபுரம் டவுனை நோக்கி உள்ளே வந்தால் இன்னொரு காட்சி இருக்கு. சீமைக்கருவேலங்காட்டு ஓரத்திலும், வறண்ட கண்மாய்க்குள்ளும், அறுத்துப் போட்ட வயலிலும் மேயும் செம்மறி மந்தைகள்.

தமிழ்நாட்டில் ஆட்டுக்கறி விலை கிலோ 800 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. தீபாவளி, பக்ரீத் வந்தால் சந்தையில் ஆடு கிடைப்பதே கஷ்டம். இவ்வளவு கிராக்கி இருக்கும் தொழிலில் 15, 20 ஆடு வைத்திருக்கும் குடும்பங்கள் நல்லா சம்பாதிக்கணுமே? ஆனா பல வீடுகளில் அடுத்த தலைமுறை ஆட்டுப் பட்டிப் பக்கமே வருவதில்லை. தமிழ்நாட்டின் செம்மறி எண்ணிக்கையும் குறைந்திருக்கு. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 48 லட்சமாக இருந்தது, 2019-ல் சுமார் 45 லட்சம்.

விலை ஏறியும் ஏன் கையில் நிற்கவில்லை? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

இது எந்தக் குடும்பத்தின் கணக்கும் இல்லை. தொழில் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள ஓர் உதாரணம் மட்டுமே.

ஒரு வீட்டில் 20 தாயாடு, 1 கிடா இருக்கு என்று வைத்துக்கொள்வோம். செம்மறிக்குச் சினைக்காலம் சுமார் 5 மாதம். நல்ல தீனி கிடைத்தால் 2 வருஷத்தில் 3 ஈற்று எடுக்கலாம். இந்தப் பகுதி ஆடுகள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். அந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு 30 குட்டி வரணும்.

நிஜத்தில் கோடையில் மெலிந்த ஆடு சினை பிடிக்காது. சில ஆடுகளுக்குச் சினை கலையும். எனவே 22 குட்டி பிறக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அதில் நோயிலும் மழையிலும் 5 செத்தால் மிச்சம் 17. கிழட்டுத் தாயாடுகளைக் கழித்துவிட்டு, அந்த இடத்துக்கு 4 பெட்டைக் குட்டிகளை நிறுத்தணும். விற்க மிஞ்சுவது 13.

ஒரு குட்டி 15 கிலோ உயிர் எடை, கிலோவுக்கு 400 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். 13 குட்டிக்கு 78,000 ரூபாய். 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 214 ரூபாய். மருந்துச் செலவு, தீவனச் செலவு எதையும் இதில் இன்னும் கழிக்கவில்லை.

2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலியே 336 ரூபாய். ஆடு மேய்ப்பவருக்கோ ஞாயிறு, பொங்கல் என்று எந்த லீவும் கிடையாது.

இப்போ அதே கணக்கில் செத்துப்போன 5 குட்டியும் பிழைத்திருந்தால்? 30,000 ரூபாய் கூடுதல். நாள் வருமானம் 214-லிருந்து கிட்டத்தட்ட 296 ஆகும். விலை ஒரு ரூபாய்கூட ஏறாமல் கிடைக்கும் வருமானம் இது. சிறு ஆட்டுக்காரரின் லாபம் சந்தைக்குப் போவதற்கு முன்னாடியே பட்டியில்தான் தொலைகிறது.

இந்த மண்ணுக்கு ஏன் செம்மறி?

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில். கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஊருணியும் கண்மாயும்தான் ஆதாரம்.

இப்படிப்பட்ட மண்ணில் கறவை மாட்டை விடச் செம்மறி தாக்குப்பிடிக்கும். தரையோடு தரையாக இருக்கும் புல்லையும் விடாமல் மேயும். ஓரளவு உப்புத் தண்ணீரையும் மாட்டை விட நன்றாகவே தாங்கும்.

இந்தப் பகுதிக்கென்றே உருவான இனம் ‘ராமநாதபுரம் வெள்ளை’. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் பரவலாக இருக்கும். நடுத்தர உடல், பெரும்பாலும் வெள்ளை நிறம், கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பு கிடையாது. வால் சின்னதாக, மெல்லியதாக இருக்கும். கம்பளி தராது, கறிக்காகவே வளர்க்கப்படுவது. பக்கத்துப் பகுதிகளில் கருஞ்சிவப்பு நிறக் கீழக்கரிசல், வெள்ளையில் செம்பொட்டு போட்ட வேம்பூர் ஆடுகளும் உண்டு.

இதோடு எருவும் கிடைக்கும். ‘ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்’ என்று கிராமத்தில் சொல்வார்கள். ஆட்டுச்சாணம் போட்ட வருஷமே பயிருக்குப் பலன் தரும் என்று அர்த்தம். அதனால்தான் நெல் வயலுக்கும் மிளகாய்க் கொல்லைக்கும் கிடை போடச் சொல்லி விவசாயிகள் கூப்பிடுகிறார்கள். ராத்திரி மந்தையை வயலில் அடைத்து வைத்தால் ஆட்டுக்காரருக்குப் பணமோ தானியமோ கிடைக்கும்.

சிக்கல் 1: மேய எங்கே போவது?

ஒரு செம்மறி ஆட்டின் வருஷத்தை இப்படிப் பிரிக்கலாம்.

தை, மாசியில் அறுவடை முடியும். வயலெல்லாம் திறந்த மேய்ச்சல்காடு. அதன்பின் கண்மாய்கள் வற்றும்போது உள்ளே புல் இருக்கும். ‘நாரை பறக்காத 48 மடை’ என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இந்த மாவட்டத்தில்தான் இருக்கு. வைகாசி தாண்டினால் அந்தப் பசுமையும் கருகிவிடும். அப்போது ஆடுகளைக் காப்பாற்றுவது கருவேல நெத்தும், தொரட்டியால் அறுத்துப் போடும் தழையும்தான்.

புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிட்டால் வயல் பக்கம் ஆடு போகக்கூடாது. அங்கிருந்து தை வரை வரப்பு ஓரம், ரோட்டு ஓரம், தரிசு மட்டும்தான். ஆடு பயிரில் வாய் வைத்துவிட்டால் பஞ்சாயத்து, அபராதம்.

முன்னாடி இதற்கு ஒரு வழி இருந்தது. பல வீட்டு ஆடுகளை ஒரே மந்தையாகச் சேர்த்து, கீதாரி ஒருவரின் பொறுப்பில் காவிரி டெல்டா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, மாதக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். சின்னக் குட்டிகளைக் கொடாப்புக்குள் அடைத்துப் பாதுகாப்பார்கள். சு.தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் இந்த வாழ்க்கையைத்தான் பேசுகிறது. இன்றும் இப்படிப் போகிறவர்கள் உண்டு. ஆனா குறைந்துகொண்டே வருகிறார்கள். வாகனம் பறக்கும் நான்குவழிச் சாலையில் 300 ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை.

உள்ளூர் மேய்ச்சலும் சுருங்குகிறது. கடலோரத்தில் உப்பளம், இறால் பண்ணை. உள்ளே வீட்டுமனைகள், சூரிய மின் நிலையங்கள். 2016-ல் கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டபோது அது பிடித்த இடம் மட்டும் சுமார் 2,500 ஏக்கர். மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆனா வேலி போட்ட நிலத்தில் ஆடு மேயாது.

சட்டத்தில் மேய்ச்சல் புறம்போக்கு என்றே தனி வகைப்பாடு இருக்கு. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்கணும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி கிராமசபையில் கேள்வி கேட்க ஆட்டுக்காரருக்கும் உரிமை இருக்கு.

சீமைக்கருவேலம்: எதிரியா, நண்பனா?

இரண்டும்தான். நிலத்தை அடைத்துக்கொண்டு புல் முளைக்கவிடாமல் செய்வதும் இந்த மரம்தான். கோடையில் இனிப்பான நெத்தைப் போட்டு ஆட்டைப் பிழைக்க வைப்பதும் இதே மரம்தான். ஆனா இலையை ஆடு தொடாது. நெத்தைத் தின்ற ஆடு போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதையையும் போட்டுவிட்டுப் போகும். அங்கே புதுசாக ஒரு கருவேலங்காடு முளைக்கும்.

இந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் பல முறை உத்தரவிட்டிருக்கு. அகற்றிய இடத்தில் அப்படியே விட்டால் மறுபடி முளைக்கும். கொழுக்கட்டைப்புல், முயல் மசால் மாதிரி மானாவாரியில் வரும் தீவனப் பயிர்களைப் போட்டால்தான் ஆட்டுக்கு லாபம்.

சிக்கல் 2: மழை வந்தால் நோய் வரும்

பயிருக்கு மழை சந்தோஷம். ஆட்டுக்காரருக்கு மழை பயம். மேய்ச்சல் நிலம் மூடும் அதே மாதங்களில்தான் நோய்களும் வரிசையாக வருகின்றன.

துள்ளுமாரி: முதல் மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்லை ஆடு அவசரமாக மேயும். குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா திடீரென்று பெருகி நஞ்சை உண்டாக்கும். சாயங்காலம் நல்லா இருந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். அதிலும் நல்லா கொழுத்த குட்டிதான் முதலில் போகும். சிகிச்சைக்கு நேரமே கிடைக்காது, மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதுதான் வழி.

நீலநாக்கு நோய்: கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னக் கடிப்பூச்சி பரப்பும் வைரஸ். காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண், நொண்டல் வரும். சில ஆடுகளுக்கு நாக்கு நீலம் பாரிக்கும். வெள்ளாட்டை விடச் செம்மறியைத்தான் கடுமையாகத் தாக்கும். 2023 செப்டம்பரில் நெதர்லாந்தில் இதே நோயின் ஒரு வகை பரவி, அங்கே ஏராளமான செம்மறிகள் செத்தன. இந்தியாவில் 5 வகை வைரஸுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி இருக்கு.

ஆட்டுக்கொல்லி நோய்: மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல். ஒரு ஆட்டுக்கு வந்தால் மந்தை முழுக்கப் பரவும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், நம்ம விழுப்புரம் மாவட்டம் அரசூரில்தான். அங்கே கிடைத்த வைரஸை வைத்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ‘அரசூர் 87’ தடுப்பூசியை உருவாக்கியது. ஒரு முறை போட்டால் சுமார் 3 வருஷம் பாதுகாப்பு. 2030-க்குள் உலகத்திலிருந்தே இந்த நோயை ஒழிக்க ஐ.நா-வின் உணவு வேளாண்மை அமைப்பு இலக்கு வைத்திருக்கு.

இது போக குடற்புழு. சத்தமே இல்லாமல் ரத்தத்தை உறிஞ்சும். ஆடு சாகாமலே எடை குறையும், தாடைக்குக் கீழே வீங்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

தடுப்பூசி இருக்கு, அப்புறம் ஏன் குட்டி சாகிறது? தேதிதான் காரணம். முகாம் ஊருக்கு வரும் நாளில் மந்தை வேறு ஊரில் மேய்ந்துகொண்டிருக்கும். அல்லது நோய் வந்த பிறகுதான் ஊசிக்கு ஓடுவார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஊசி போட்டபின் 2, 3 வாரம் ஆகும் என்பதால் அது பயன்படாமல் போகிறது.

சிக்கல் 3: 5 ஆட்டுக்கும் ஒரு ஆள், 50 ஆட்டுக்கும் ஒரு ஆள்

இந்தத் தொழிலில் பெரிய செலவு கணக்கு நோட்டில் ஏறாத செலவு. 5 ஆட்டை மேய்க்க ஒரு ஆளின் முழு நாள் போகும். 50 ஆட்டை மேய்க்கவும் அதே ஒரு ஆள்தான், அதே நாள்தான். மந்தை சின்னதாக இருக்க இருக்க, ஒரு ஆட்டுக்கு ஆகும் கூலி ஏறிக்கொண்டே போகும்.

இந்தக் கடலோரத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. படித்த பையன் வெயிலில் ஆட்டுக்குப் பின்னாடி நடக்க விரும்புவதில்லை. அதில் தப்பும் இல்லை. கடைசியில் மேய்ச்சல் வேலை வீட்டில் உள்ள வயசானவர்கள் தலையிலும் பெண்கள் தலையிலும் விழுகிறது. தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து கடித்துக் குதறும் சம்பவங்களும் சேர்ந்துகொள்கின்றன. நாய் கடித்துச் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு திருப்பூர், ஈரோடு பகுதி விவசாயிகள் 2025-ல் போராட்டமே நடத்தினார்கள்.

திட்டங்கள் இருக்கே?

இருக்கு. ஆனா அவை நிற்கும் இடத்தைக் கவனிக்கணும்.

ஒரு பக்கம், ஏழைப் பெண்களுக்கான விலையில்லா ஆடு திட்டம். 2011-ல் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு 4 ஆடு. பின்னர் கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்களுக்கு 5 ஆடு. தொடங்கிக் கொடுக்க நல்ல உதவி. ஆனா 5 ஆட்டுக்கும் ஒரு முழு ஆள் வேணும் என்ற சிக்கல் அப்படியே நிற்கும்.

இன்னொரு பக்கம், மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம். பண்ணை அமைக்க 50 சதவீத மூலதன மானியம். இதில் குறைந்தபட்ச அளவே 100 பெட்டை, 5 கிடா. அதற்கு மானியம் அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். 500 பெட்டை, 25 கிடா என்றால் 50 லட்சம் வரை. மீதிப் பணத்தை வங்கிக் கடனாகவோ சொந்தமாகவோ போடணும். கொட்டகைக்கும் தீவனத்துக்கும் நிலம் காட்டணும்.

5-க்கும் 100-க்கும் நடுவில், 20 ஆடு வைத்திருப்பவர் எங்கே நிற்பார்? அவரை முதலாளி என்றும் சொல்ல முடியாது, பரம ஏழை என்றும் சொல்ல முடியாது. கிராமத்தில் ஆடு வளர்ப்பவர்களில் நிறையப் பேர் இந்த நடுவில்தான் இருக்கிறார்கள்.

அவருக்கும் கைக்கு எட்டும் விஷயங்கள் சில உண்டு:

• ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி அரசு மருந்தகங்கள், முகாம்கள் மூலம் இலவசம்.

• கால்நடைக் காப்பீடு: 2024 பிப்ரவரியில் மாற்றப்பட்ட விதிப்படி பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டும் விவசாயி கட்டினால் போதும். மீதி மத்திய, மாநில அரசுகளின் பங்கு. ஒரு குடும்பம் 100 ஆடு வரை காப்பீடு செய்யலாம். காதில் அடையாள வில்லை கட்டாயம். ஆடு செத்தால் வில்லையோடு தகவல் சொல்லணும்.

• கிசான் கிரெடிட் கார்டு ஆடு வளர்ப்புக்கும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும்.

• புயல், வெள்ளத்தில் ஆடு செத்தால் பேரிடர் நிவாரண விதிப்படி ஒரு ஆட்டுக்கு 4,000 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு 30 ஆடு வரை. கிராம நிர்வாக அலுவலரிடமும் கால்நடை மருத்துவரிடமும் உடனே பதிவு செய்யணும். புதைத்துவிட்டுப் போய்ச் சொன்னால் கஷ்டம்.

• அவசரத்துக்கு 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம்.

சிக்கல் 4: கண்ணால் பார்த்து விலை

சந்தையிலோ பட்டியிலோ குட்டியைத் தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து விலை பேசுவதுதான் வழக்கம். 15 கிலோ குட்டி 13 கிலோ என்று மதிக்கப்பட்டால் அதிலேயே 800 ரூபாய் போகும். மேலே சொன்ன 13 குட்டிக்குக் கணக்குப் போட்டால் 10,400 ரூபாய்.

வியாபாரி மேல் மட்டும் பழி போட முடியாது. 15 கிலோ குட்டியில் தேறும் கறி சுமார் 7 கிலோதான். வண்டி வாடகை, கடை வாடகை, விற்காமல் போகும் நாள் எல்லாம் அவர் கணக்கில் இருக்கு. விற்பவர் எப்போது விற்கிறார் என்பதுதான் முக்கியம். பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கடன் தவணை என்று அவசரத்துக்கு ஒற்றைக் குட்டியை விற்பவருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. சனிக்கிழமை கூடும் எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் பண்டிகைக்கு முந்தைய வாரம் என்ன விலை போகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. ரெண்டு குட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் வண்டிக் காசுக்கே சரியாப் போகும்.

அப்போ வழி என்ன?

பெரிய முதலீடு இல்லாமல் செய்யக்கூடியவை இவை.

1. ஊசித் தேதியை மழைக்கு முன்னாடி முடிக்கணும். துள்ளுமாரி, நீலநாக்கு ஊசிகளை ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிடணும். ஆடு டெல்டா பக்கம் போவதாக இருந்தால், கிளம்பும் முன்பே மருந்தகத்தில் கேட்டுப் போடணும்.

2. சினையின் கடைசி ஒரு மாதமும், குட்டி போட்ட பிறகும் தாயாட்டுக்குக் கொஞ்சம் அடர்தீவனம் வேணும். தாய்க்குப் பால் இருந்தால்தான் குட்டி பிழைக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தொப்புள்கொடிக்கு அயோடின்.

3. மழைக்காலத்தில் தரை ஈரமில்லாத பட்டி. கீற்றுக் கொட்டகையாக இருந்தாலும் மேடான இடத்தில் இருந்தால் பாதி நோய் குறையும்.

4. 2 வருஷத்துக்கு ஒரு முறை கிடாவை மாற்றணும். ஒரே கிடா தன் மகள்களோடயே சேர்ந்தால் குட்டிகள் வலுவிழக்கும். பக்கத்து ஊர்க்காரரோடு கிடா மாற்றிக்கொண்டால் செலவே இல்லை. விவரம் வேண்டுபவர்கள் ராமநாதபுரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தைக் கேட்கலாம்.

5. ஒரு தொங்கு தராசு. ஊருக்கு ஒன்று போதும். எடை தெரிந்து விலை பேசுவது வேறு, தெரியாமல் பேசுவது வேறு.

6. சேர்ந்து மேய்ப்பது, சேர்ந்து விற்பது. 5 வீட்டின் 20 ஆடுகள் சேர்ந்தால் 100 ஆடு. 5 பேர் போன இடத்தில் முறை வைத்து 2 பேர் போனால் போதும். ஒரே நாளில் ஊசி, ஒரே வண்டியில் சந்தை.

கடைசியாகச் சொன்னது புது யோசனை இல்லை. பல வீட்டு ஆடுகளை ஒரே மந்தையாக்கிய கீதாரி முறை செய்ததும் இதைத்தான். 5 ஆடு கொடுக்கவும் 100 ஆட்டுக்கு மானியம் கொடுக்கவும் திட்டம் போட முடிந்த அரசு, 20 ஆடு வைத்திருக்கும் 5 குடும்பங்களை ஒரே மந்தையாகக் கணக்கில் எடுக்கவும் ஒரு வழி செய்யலாம். அதுவரை சிறு ஆட்டுக்காரரின் வருமானத்தை முடிவு செய்வது கறிக்கடைப் பலகையில் எழுதிய விலை இல்லை. ஐப்பசி மழையில் எத்தனை குட்டி பிழைக்கிறது என்பதுதான்.